கைத்தடி யாருக்கு?

மொன்றியல் துறைமுகம்: வரலாற்றுத் தொடர் – 9

1964 ஜனவரி 4ஆம் திகதி ஹெல்கா டான் என்ற டென்மார்க் கப்பல் பனிப்பாளங்களுக்கு நடுவே மொன்றியலுக்குள் நுழைந்த இடத்தில் சென்ற இதழ் நின்றது. அதுவரை மாரிகாலம் வந்தால் கதவடைத்துக்கொண்ட துறை, அதன் பிறகு ஆண்டு முழுவதும் திறந்தே இருந்தது. இந்தத் துறைமுகத்தில் 1840 முதல் ஒரு வழக்கம் உண்டு. கடல் கடந்து வரும் கப்பல்களில் ஆண்டின் முதல் கப்பல் எதுவோ, அதன் கப்டனுக்குத் தங்கப்பிடி போட்ட கைத்தடி ஒன்றைக் கொடுப்பார்கள். ஏற்றி வந்த சரக்கு என்ன, அதன் பெறுமதி எவ்வளவு என்று கேட்பதில்லை. துறைமுக எல்லையை முதலில் தாண்டியவர் யார் என்பதோடு கணக்கு முடிந்துவிடும்.

பாட்டு உலகத்தில் இப்படி ஒரு கோடு கிடையாது. இந்த நகரத்தின் பாடகர்களைப் பற்றி நூறு ஆண்டுகளாக நடக்கும் சண்டை எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

2023 ஜனவரி 6ஆம் திகதி. மொன்றியலிலிருந்து 15 பேரளவில் ஆறு மணி நேரம் கார் ஓட்டி நியூயோர்க் போனார்கள். செலின் டியோனின் ரசிகர் மன்றத்தவர்கள். அவர்கள் போய் நின்ற இடம் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகையின் அலுவலக வாசல். அந்தச் சஞ்சிகை புத்தாண்டு நாளில் உலகின் மிகச் சிறந்த 200 பாடகர்களின் பட்டியலை வெளியிட்டிருந்தது. அரேதா பிராங்க்ளின் முதலிடம், விட்னி ஹூஸ்டன் இரண்டாமிடம். 200ஆம் இடம் வரை தேடியும் செலினின் பெயர் இல்லை. குளிரில் அட்டைகளைத் தூக்கிப் பிடித்து, அவருடைய பாடல்களைப் பாடி, நியாயம் கேட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஆனால் நாட்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பர் 8ஆம் திகதிதான், தசைகள் இறுகி உடல் விறைத்துப்போகும் அரிய நரம்பு நோய் தனக்கு வந்திருப்பதாகச் செலின் அறிவித்திருந்தார். குரலையும் விட்டுவைக்காத நோய் அது. அவர் இனி மேடை ஏறுவாரா என்று ரசிகர்கள் கலங்கியிருந்த நேரம். அந்த அறிவிப்பு வந்து ஒரு மாதம் முடிவதற்குள் பட்டியல் வெளியாகிவிட்டது. சாவு வீட்டு வாசலில் நின்று இறந்தவரின் குறை பேசினால் எப்படி இருக்கும், அப்படித்தான் அவர்களுக்கு அது பட்டது.

சஞ்சிகையிடமும் ஒரு பதில் இருந்தது. சிறந்த குரல்களை அல்ல, சிறந்த பாடகர்களையே தேர்ந்தெடுத்ததாகவும், தனித்தன்மை, பிறர்மேல் செலுத்திய தாக்கம், விட்டுச்செல்லும் இசைச் செல்வம் ஆகியவற்றையே பார்த்ததாகவும் பட்டியலின் முகப்பிலேயே எழுதியிருந்தார்கள். ரசிகர்கள் காட்டியது விற்பனைக் கணக்கு. சஞ்சிகை காட்டியது மரபு. ஒருவர் படியால் அளக்க, மற்றவர் முழத்தால் அளந்தார்.

இந்த வழக்கின் வேரைத் தேடினால் துறைமுகத்துக்குத்தான் வந்து சேர வேண்டும்.

தட்டையான இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினர் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்தவர். கூட்டாளியோடு ஏற்பட்ட வழக்கில், தன் கண்டுபிடிப்பைத் தானே விற்க முடியாதபடி 1900இல் அமெரிக்க நீதிமன்றம் தடை போட்டது. அவருடைய காப்புரிமை கனடாவில் உயிரோடு இருந்தது. மொன்றியலில் கடை திறந்தார், தொழிற்சாலை போட்டார். கிராமபோன் குழாய்க்குள் காதைக் கொடுத்துக் கேட்கும் நாயின் படத்தைக் கனடாவில் தன் வர்த்தகச் சின்னமாகப் பதிவு செய்தார். பின்னாளில் விக்டர் நிறுவனம் அவருடைய கனடிய நிறுவனத்தை வாங்கியது. லஷீன் கால்வாய்க்குப் பக்கத்தில், செயின்ற் ஹென்றிப் பகுதியின் லெனுவார் வீதியில் நிற்கும் பழைய ஆர்.சி.ஏ. விக்டர் கட்டடத்தில் இன்று பெர்லினர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்தக் காலத்துத் தட்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். சமையல் தட்டளவு கனம், விளிம்பில் மங்கிய கருமை, கீழே போட்டால் ஓடு மாதிரி உடைந்து சிதறும். அதன் உயிர்ப்பொருள் அரக்கு. பலாசு, இலந்தை மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி கக்கும் பிசின்தான் அது. சோட்டா நாக்பூர்க் காடுகளில் சுரண்டி எடுத்து, உருக்கி, மெல்லிய தகடாக இழுத்துக் காயவைத்து, கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து உலகமெங்கும் அனுப்பினார்கள். அதோடு கற்பொடியும் பஞ்சுத் தூசும் புகைக்கரியும் சேர்த்து அழுத்தினால் இசைத்தட்டு. 1940களின் கடைசியில் வினைல் வரும் வரை உலகம் தட்டில் கேட்ட பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் இந்தியக் காட்டுப் பிசின் இருந்தது. கப்பல் இல்லாமல் தட்டு இல்லை. தட்டு இல்லாத காலத்தில் எத்தனை விற்றது என்ற கேள்விக்கும் வழியில்லை. கச்சேரிக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒருவர் வாய்ப்பேச்சு. தட்டு வந்த பிறகுதான் பாட்டுக்குக் கணக்குப் புத்தகம் வந்தது.

அந்தப் புத்தகத்தில் கியூபெக்கின் முதல் பெரிய பெயர் ஓர் ஏழைத் தாயுடையது. மேரி ட்ராவர்ஸ், மக்கள் வைத்த பெயர் லா போல்டுக். கஸ்பே கடலோரத்து மீனவ ஊரான நியூபோர்ட்டில் 1894இல் பிறந்து, பதின்ம வயதிலேயே வீட்டுவேலைக்காக மொன்றியல் வந்தவர். பெர்லினரின் மகன் ஹெர்பர்ட் 1918இல் லஷீனில் தொடங்கிய கொம்போ நிறுவனத்தின் ஸ்டார் தட்டுகளில் அவர் பாடினார். ‘லா குயிசினியேர்’ என்ற அவருடைய தட்டு கியூபெக்கில் மட்டும் 12,000 விற்றது. உலகப் பொருளாதாரம் சரிந்து, ஆலைகள் மூடி, சூப் வாங்க வரிசை நின்ற காலத்தில் அது யாரும் காணாத எண். வேலையில்லாதவர், வீட்டுக்காரர், காப்புறுதி முகவர் என்று தெருவில் கண்டவர்களையெல்லாம் அவர் பாட்டில் வைத்தார். இடையிடையே சொல்லில்லாமல் நாக்கையும் உதட்டையும் தட்டி இசைக்கும் கஸ்பேக்காரரின் பழக்கத்தையும் விடவில்லை. படித்த வட்டாரம் முகம் சுளித்தது. கொச்சை மொழி, தெருப் பாட்டு என்றார்கள். 1941இல் அவர் புற்றுநோயால் இறந்தபோதும் அந்தச் சுளிப்பு மாறவில்லை. 1994இல் அவர் படத்தோடு கனடா அஞ்சல்தலை வந்தது. இடையில் அரை நூற்றாண்டுக்கு மேல் போயிருந்தது.

விற்பனை முதலில் வந்தது, மரியாதை பிறகு வந்தது. இதைத் தலைகீழாக வாழ்ந்தவர் இன்னொரு மொன்றியல்காரர்.

பழைய துறைமுகத்தின் எதிரில் போன்-செக்கூர் மாதா தேவாலயம் நிற்கிறது. 1771இல் கட்டியது. அதன் கூரைமேல் நதியைப் பார்த்துக் கைகளை விரித்தபடி மாதா நிற்கிறாள். உள்ளே போனால் கூரையிலிருந்து விளக்குகள் தொங்குகின்றன, ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கப்பல். கடலில் பிழைத்து வந்த மாலுமிகள் நேர்த்தி வைத்து மாட்டிய வழக்கத்தின் மிச்சம் அவை. வேளாங்கண்ணியிலும் மடுவிலும் நேர்த்திப் பொருள்களைப் பார்த்த கண்ணுக்கு அந்த இடம் அந்நியமாகத் தெரியாது. அந்த மொன்றியல்காரர் லெனார்ட் கோகன் தன் ‘சுசான்’ பாட்டில் கொண்டுவந்த மாதா இவள்தான். கவிதையாக 1966இலும், அவருடைய குரலில் முதல் அல்பத்தில் 1967 டிசம்பரிலும் அது வெளிவந்தது.

கோகனைக் கவிஞர்கள் முதல் நாளிலிருந்தே கொண்டாடினார்கள், கல்லாப்பெட்டி கொண்டாடவில்லை. 1984இல் ‘வேரியஸ் பொசிஷன்ஸ்’ அல்பத்தை முடித்துக் கொடுத்தபோது, அவருடைய கொலம்பியா நிறுவனம் அதை அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. அங்கே சிறிய நிறுவனம் ஒன்றுதான் அதை வெளியிட்டது. அந்த மறுத்த அல்பத்துக்குள் இருந்த ஒரு பாட்டு ‘ஹலேலூயா’. 1988 ஜூலையில் மொன்றியல் போரம் அரங்கில் பாப் டிலன் அதைப் பாடிக் காட்டியபோதுகூட உலகம் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜோன் கேல் 1991இலும் ஜெஃப் பக்லி 1994இலும் பாடிய பிறகு மெல்ல மெல்ல அது ஊர் ஊராகப் போனது.

2008 டிசம்பரில் அந்தப் பாட்டைச் சுற்றி ஒரு போரே நடந்தது. பிரிட்டனின் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியில் வென்ற அலெக்சாண்ட்ரா பர்க் அதைப் பாடி வெளியிட்டார். பக்லியின் ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. 1997இலேயே ஆற்றில் மூழ்கி இறந்துபோன தங்கள் பாடகரின் பதிவை முதலிடத்துக்குக் கொண்டுவர ஊர் திரட்டி வாங்கத் தொடங்கினார்கள். கிறிஸ்மஸ் வாரப் பட்டியலில் பர்க் 1ஆம் இடம், பக்லி 2ஆம் இடம். பாட்டை எழுதிய கோகனின் சொந்தக் குரல் 36ஆம் இடம். மூன்று பதிவும் ஒரே வாரத்தில், ஒரே பட்டியலில். மரபு என்பது எந்த வரியில் உட்கார்ந்திருக்கிறது என்று அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது.

செலினின் கணக்கு வேறு வகை. மொன்றியல் தீவைத் தாண்டி ஆற்றின் அக்கரையில் இருக்கும் ஷார்ல்மாஞ் ஊரில் 1968இல் பிறந்தவர், 14 பிள்ளைகளில் கடைசி. அவருடைய முதல் அல்பத்துக்காக மேலாளர் ரெனே ஆன்ஜலில் தன் வீட்டை ஈடு வைத்தார், அது 1981இல் வந்தது. 1995இல் வந்த ‘டு’ பிரெஞ்சு மொழியில் உலகிலேயே அதிகம் விற்ற அல்பம். பிரான்சில் மட்டும் 40 இலட்சத்துக்கு மேல். ‘ஃபோலிங் இன்ரு யூ’, ‘லெட்ஸ் டோக் அபவுட் லவ்’ இரண்டும் அமெரிக்காவில் தனித்தனியே 1 கோடியைத் தாண்டின.

இவற்றில் இரண்டாவது அல்பத்தில்தான் ‘டைட்டானிக்’ படத்தின் பாட்டு இருக்கிறது. அந்தக் கப்பலோடு மூழ்கியவர்களில் சார்ல்ஸ் மெல்வில் ஹேஸ் ஒருவர், மொன்றியலின் கிராண்ட் ட்ரங்க் ரயில் நிறுவனத் தலைவர். துறைமுகத்துக்கு எட்டிய தூரத்தில் மக்கில் வீதியில் நிற்கும் பெரிய கல் கட்டடம் அவருடைய நிறுவனத்தின் தலைமையகமாக இருந்தது. அவர் உடல் மவுண்ட் றோயல் மலைமேல் அடக்கமாகியிருக்கிறது. கப்பல் மூழ்கி 85 ஆண்டு கழித்து அதற்கான பாட்டைப் பாடியவரும் இதே நதிக்கரைப் பெண்தான் என்பதை இந்த ஊர்க்காரர்கள் சொல்லாமல் விடுவதில்லை.

அந்தப் பாட்டே எண்ணிக்கைச் சண்டைக்கு நல்ல எடுத்துக்காட்டு. படத்தின் இசைத்தட்டிலும் அது இருந்தது, செலினின் அல்பத்திலும் இருந்தது, இரண்டும் கோடிக்கணக்கில் விற்றன. படத்தின் தட்டை வாங்கியவர் செலினுக்காக வாங்கினாரா, கப்பலுக்காக வாங்கினாரா? ரசிகர் ஒருவர் இரண்டையும் கூட்டுவார், எதிர்த்தரப்பு ஒன்றைக் கழிக்கும். செலினின் மொத்த விற்பனையை 20 கோடி என்பவரும் உண்டு, 25 கோடி என்பவரும் உண்டு. சான்றிதழ்களை மட்டும் கூட்டினால் இவ்வளவு வராது.

அளவுகோலும் அடிக்கடி நீண்டு சுருங்கியது. கனடாவில் ஓர் அல்பம் பிளாட்டினம் ஆக 1 இலட்சம் தட்டு வேண்டியிருந்தது, 2008க்குப் பிறகு 80,000 போதும் என்றார்கள். அமெரிக்காவில் 1991 வரை வாராந்தப் பட்டியல் என்பது கடைக்காரர்கள் தொலைபேசியில் சொன்ன கதை. பட்டைக்குறியீட்டை இயந்திரம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் மெய்யான விற்பனை தெரிந்தது. சான்றிதழோ கடையில் விற்றதைப் பார்ப்பதில்லை, நிறுவனம் கடைக்கு அனுப்பியதைப் பார்க்கும். பின்னாளில் சான்றிதழுக்கு, இணையத்தில் 1,500 தடவை பாட்டு ஓடினால் ஓர் அல்பம் விற்றதாகக் கணக்கிட்டார்கள். 2018இல் ஈகிள்ஸ் குழுவின் தொகுப்பு 3 கோடி 80 இலட்சம் என்று சான்று பெற்று மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ அல்பத்தை அமெரிக்காவில் முந்தியபோது, ஜாக்சனின் ரசிகர்கள் குமுறியதற்கும் இந்த அளவுகோல்தான் காரணம்.

தமிழருக்கு இது புதிய கதை அல்ல. கொழும்பில் ரேடியோ சிலோன் 1952 முதல் ஒலிபரப்பிய பினாகா கீத்மாலா, கடைகளின் தட்டு விற்பனையையும் நேயர் கடிதங்களையும் வைத்துத்தான் இந்திப் பாட்டுகளை வரிசைப்படுத்தியது. அந்த வரிசைக்காக இந்தியா முழுவதும் வீடுகளில் விவாதம் நடந்தது. 1974இல் லதா மங்கேஷ்கர் 25,000 பாடல்களுக்குக் குறையாமல் பதிவு செய்திருப்பதாகக் கின்னஸ் எழுதியது. முகமது ரஃபி தான் இன்னும் கூடப் பாடியிருப்பதாகக் கடிதம் போட்டார். அவர் இறந்த பிறகு 1984 பதிப்பில் இரண்டு உரிமைகோரலும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகின. 1991இல் அந்தப் பதிவையே எடுத்துவிட்டார்கள். பின்னாளில் தட்டுத் தட்டாக எண்ணிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கும் வெகுவாக மிகைப்பட்டது என்றார்கள். 2016இல் பி. சுசீலாவுக்கு 17,695 பாடல்களுக்கான கின்னஸ் சான்று கிடைத்தபோது, ஜானகி ரசிகர்கள் எத்தனை வீட்டு முற்றங்களில் வாதாடியிருப்பார்கள் என்று சொல்லவே வேண்டாம். ரோலிங் ஸ்டோனின் அதே பட்டியலில் லதா 84ஆம் இடத்தில் இருந்தார். இந்தியாவில் பாதிப் பேர் பெருமைப்பட்டார்கள், மீதிப் பேர் 83 பேர் யார் என்று கோபப்பட்டார்கள்.

ஆனால் கியூபெக்கில் இந்த எண்களுக்குள் இன்னொரு வலியும் கிடக்கிறது. 1990இல் செலினின் முதல் ஆங்கில அல்பம் ‘யூனிசன்’ வந்தது. கியூபெக்கின் ஃபெலிக்ஸ் விருது விழாவில் அவருக்கு ஆண்டின் சிறந்த ஆங்கிலக் கலைஞர் விருதை அறிவித்தார்கள். அவர் மேடைக்கு வந்து அதை வாங்க மறுத்தார். ஆங்கிலத்தில் பாடினாலும் தான் ஆங்கிலக் கலைஞர் அல்ல, கியூபெக்காரி என்பதை மக்கள் அறிவார்கள் என்றார். பிறகு விருதின் பெயரையே மாற்றினார்கள். சுற்றிலும் ஆங்கிலம் பேசும்போது நடுவில் ஏறத்தாழ 90 இலட்சம் பேர் வாழும் பிரெஞ்சு மாகாணம். அங்கிருந்து போன ஒருத்தி உலகத்தை வாங்க வைத்தாள் என்றால், அந்தத் தட்டுகளின் எண்ணிக்கை அவளுடைய கணக்கு மட்டுமாக இருக்காது. ‘நாங்களும் இருக்கிறோம்’ என்று ஒரு மக்கள் கூட்டம் காட்டும் பற்றுச்சீட்டு அது. நியூயோர்க் வாசலில் நின்ற 15 பேர் கையில் இருந்ததும் அந்தச் சீட்டுத்தான். அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைப் பார்க்கத் தவறினார்கள்.

கார்ல் வில்சன் என்ற கனடிய விமர்சகர் இதைப் பார்த்தவர். செலினின் இசையை மனதார வெறுத்தவர் அவர். 1998 மார்ச் 23 ஒஸ்கார் இரவில் தனக்குப் பிடித்த பாடகர் எலியட் ஸ்மித் தோற்று டைட்டானிக் பாட்டு வென்றதில் கசந்துபோனவர். அந்தக் கசப்பை ஆராய்ந்து 2007இல் ஒரு நூலே எழுதினார், அதற்குச் செலினின் அல்பத்தின் பெயரையே வைத்தார். கியூபெக்கின் வரலாற்றைப் படித்தார், ரசிகர்களைத் தேடிப்போய்ப் பேசினார். தன் ரசனை என்று நம்பியதில் எத்தனை பங்கு வர்க்கப் பெருமிதம் என்று தன்னையே கேட்டார். அன்றிரவு மேடைக்குப் பின்னால் பதற்றத்தோடு நின்ற எலியட் ஸ்மித்தை அன்பாகத் தேற்றியவர் செலின். அதற்குப் பிறகு செலினை யார் இகழ்ந்தாலும் ஸ்மித் எதிர்த்துப் பேசினார். ரசிகர்கள் போட்ட வேலியைப் பாடகர்கள் இருவரும் போட்டுக்கொள்ளவில்லை.

2016ஆம் ஆண்டு இந்த நகரம் இரண்டு தடவை அழுதது. ஜனவரி 22ஆம் திகதி, துறைமுகத்துக்கு மேலே நோத்ர-டாம் பசிலிக்காவில் ரெனே ஆன்ஜலிலின் இறுதிச் சடங்கு. 1994 டிசம்பரில் செலின் அவரை மணந்த அதே தேவாலயம், அதே பீடம். நவம்பர் 7ஆம் திகதி லெனார்ட் கோகன் போனார். அவர் வீட்டெதிரே இருக்கும் சின்னப் பூங்காவில் முன்பின் தெரியாதவர்கள் மெழுகுவர்த்தியோடு கூடி அவர் பாட்டுகளைப் பாடினார்கள். அடுத்த ஆண்டு கிரெசன்ட் வீதியில் ஒரு கட்டடத்தின் சுவர் முழுக்க அவர் முகம் எழுந்தது. 1993இல் சிறந்த ஆண் பாடகருக்கான ஜூனோ விருதை வாங்கியபோது, இப்படி ஒரு குரலுக்கு இந்த விருது கனடாவில் மட்டும்தான் கிடைக்கும் என்று சொன்ன மனிதர் அவர்.

செலினின் பக்கம் இன்னும் மூடவில்லை. 2024 ஜூலை 26ஆம் திகதி பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க இரவு. அன்று மழை. பியானோவின் மூடியில் நீர்த்துளிகள் நின்றன. நோயோடு போராடிய நான்கு ஆண்டு மௌனத்துக்குப் பிறகு ஈஃபில் கோபுரத்தின் முதல் தளத்தில் அவர் நின்று, எடித் பியாஃபின் பழைய காதல் பாட்டைப் பாடினார். தன் தாய்மொழியில்.

(தொடரும்)

அடுத்த இதழில்: 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழர்களும், அவர்களில் பலர் மொன்றியல் வந்து சேர்ந்த கதையும்.